வாளை தப்பிய தூண்டில்

தூண்டில் கருவிகளைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய விவரங்களுள் ஒன்று, காஞ்சிபுரத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடி கொண்ட பாட்டு. பரிசில் தேடிப் போகும் பாணனுக்கு வழி சொல்லிக்கொண்டே வரும் புலவர், வலைஞர் குடியிருப்பைத் தாண்டியதும் நீர்த்துறையில் நிற்கும் ஒரு பாண்மகனைக் காட்டுகிறார். அவன் தோளில் தொங்கும் தோல்பையில் இரைக்கான பச்சை ஊன் இருக்கிறது. கையில் நீண்ட மூங்கில் கழை. அதன் நுனியில் இறுக்கிக் கட்டிய நாண், நாணின் முனையில் வளைந்த இரும்பு முள். கருவியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அகன்ற வாயுள்ள வாளை இரையைக் கவ்வி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது, முள் வெறுமனே நிற்கிறது. தப்பிய வாளை அதன் பிறகு நீரோரத்துப் பிரம்பின் நிழல் ஆடினாலும் வெருள்கிறதாம். இந்தக் கடைசி விவரத்தைத் தூண்டிலோடு பல நாள் உட்கார்ந்தவர்களைக் கேட்டறியாமல் எழுதியிருக்க முடியாது.

வாளை சிறு மீனன்று. செதில் இல்லாத உடலும் கண்ணைத் தாண்டிப் பிளந்த வாயும் கொண்ட அது ஒரு மீட்டருக்கு மேல் வளரும். பிற மீன்களை விழுங்கி வாழும் வேட்டைக்காரன் என்பதால் ஆங்கிலேயர் அதற்கு நன்னீர்ச் சுறா என்று பெயர் வைத்தார்கள். பாலாறும் ஏரிகளும் நிறைந்த தொண்டை நாட்டில் உள்நாட்டுத் தூண்டில்காரனுக்குக் கிடைக்கக்கூடிய பெருமீன் அதுதான். கழையில் நேராக நாண் கட்டிய தூண்டிலுக்கு அப்படிப்பட்ட மீனிடம் ஒரு பலவீனம் உண்டு. மீன் ஓடத் தொடங்கினால் விட்டுக்கொடுக்க நாண் கிடையாது. கழை வளையும் அளவுதான் பிடிப்பவனுக்குக் கிடைக்கும் அவகாசம். அதற்கு மேல் கழை முறிய வேண்டும், அல்லது நாண் அற வேண்டும், அல்லது முள் கழல வேண்டும். பெருமீன் தூண்டிலின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு சிக்கலுக்குத் தேடிய விடைகளாகவே படிக்கலாம்.

முதல் விடை கடலிலிருந்து வந்தது. கடைக்காம்பில் கயிறு கட்டிய எறியுளியைக் கொண்டு பரதவர் திமிலில் சென்று பெருமீன் வேட்டையாடியதை நற்றிணை சொல்கிறது. எறியுளிக்கு இலக்கான கொம்புடைய மீனைக் குறுந்தொகை கோட்டுமீன் என்கிறது. அதே உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபடுகிறார்கள். கொம்பு என்றதும் வாள்போல் பல் வரிசை கொண்ட வேளாச் சுறாவே நினைவுக்கு வருகிறது. எறியுளியில் கவனிக்க வேண்டியது அதன் கூர்மையைவிடக் கயிறுதான். குத்துப்பட்ட மீன் ஓடட்டும், களைக்கட்டும், பிறகு இழுக்கலாம் என்ற எண்ணம் அந்தக் கயிற்றில் இருக்கிறது.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று நீளும் கரை 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும்வரை காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. பல்லவர் காலத்தில் காஞ்சிக்குக் கடல்வாசலும் அதுவே. அந்தக் கரையின் கலம் கட்டுமரம். மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் இறக்கி, கரை வந்ததும் அவிழ்த்து உலர்த்துவார்கள். ஒன்றிரண்டு பேர் போகும் இந்த மிதவையில் உட்கார்ந்து, வஞ்சிரத்துக்கும் சுறாவுக்கும் கைக்கயிற்றில் முள் போட்டார்கள். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளை 1920களில் ஒரு தனி நூலாகவே பதிவு செய்தார்.

கைக்கயிற்றின் அமைப்பு எளிமையானது. ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் காரணம் உண்டு. வஞ்சிரத்தின் பற்கள் கத்தரிக்கோல் போல வெட்டும் என்பதால் முள்ளை ஒட்டி ஒரு முழம் கம்பி இருக்கும். சுறாவின் தோல் உப்புத்தாளைப் போல உரசும் என்பதால் அதற்குக் கம்பி இன்னும் நீளமாக வேண்டும். கம்பிக்கு மேல் முறுக்கிய பருத்தி அல்லது சணல் கயிறு. இரை மத்தியோ கணவாயோ கானாங்கெளுத்தியோ, அன்றைக்கு அந்த மீன் எதைத் தின்கிறதோ அது. பிற்காலத்தில் கயிறு அறுக்காமல் இருக்கச் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி விரலில் மாட்டிக்கொள்வதும் வந்தது. இந்தக் கருவியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியும் உண்டு. அதுதான் கட்டுமரம். பெரிய மீன் இழுத்தால் மிதவையும் கூடவே நகரும். கயிறு அறுபடும் அளவுக்கு விசை ஏறுவதற்குள் மரம் வழுக்கிப் போய்விடும். மீன் தன்னைவிடப் பல மடங்கு எடையுள்ள ஒன்றைத் தண்ணீரில் இழுத்து இழுத்தே ஓய்ந்துபோகும். மேற்கில் பின்னாளில் பித்தளையிலும் தோல் வட்டுகளிலும் செய்த வேலையை இங்கே மரமே செய்தது. இதை விளையாட்டு என்று யாரும் அழைக்கவில்லை, பிழைப்பு என்பதால் யாரும் பதக்கமும் கொடுக்கவில்லை.

விளையாட்டு என்ற பெயரோடு தூண்டில் இங்கே வந்தது ஆங்கிலேய அதிகாரிகளின் பெட்டிகளில். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’வையும், 1887இல் ஏரி, குளங்களுக்கென்றே ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’வையும் வெளியிட்டார். இங்கிலாந்து சால்மனைவிட இந்திய ஆறுகளின் மாசீர் கெண்டை கடுமையான எதிரி என்பது அவர் கட்சி. அதன் முதல் ஓட்டத்தின் வேகத்தையும், தாடையின் அமுக்கத்தில் இரும்பு முள்ளே நசுங்கிப்போவதையும் அவர் விரிவாக எழுதினார். ஊரில் சால்மனுக்கு வாங்கிய முள்ளை அப்படியே கொண்டுவந்த புதியவருக்கு அது தேவையான எச்சரிக்கை.

அந்தக் காலத்து ஆங்கிலேயப் பெட்டியைத் திறந்தால் கண்ணில் படுவது பட்டு. பின்னிய பட்டு நாணை ஆளி விதை எண்ணெயில் தோய்த்து உலர்த்திப் பயன்படுத்தினார்கள். முள்ளுக்கு அருகே வரும் கண்ணுக்குத் தெரியாத இழையும் பட்டுப்புழுவிலிருந்து வந்ததுதான். கூடு கட்டத் தயாரான புழுவை வினிகரில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை இரு கையாலும் இழுத்து நீட்டினால் ஒற்றை நரம்பு கிடைக்கும். ஸ்பெயின் நாட்டு முர்சியா அதற்குப் பேர்போன ஊர். காஞ்சியில் நெசவுக்குப் போகும் பட்டு, புழு தானே நூற்ற கூட்டிலிருந்து வருவது. தூண்டில் நரம்போ புழுவை நூற்கவே விடாமல் எடுத்தது. கழையிலும் இந்தியாவின் பங்கு உண்டு. அமெரிக்காவில் மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்த தொடக்ககாலக் கழைகள் கல்கத்தா மூங்கிலால் ஆனவை. சீனத்து டோங்கின் மூங்கில் பிறகுதான் அந்த இடத்தைப் பிடித்தது.

தென்னிந்தியாவில் இந்தக் கருவிகளின் உச்சம் காவிரிப் படுகையில் நிகழ்ந்தது. 1919இல் ரிவெட் கார்னாக் காவிரியில் 119 பவுண்டு மாசீரைக் கரையேற்றினார். 1946இல் கபினியில் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் பிடித்தது 120 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 54 கிலோ. இரை பெரும்பாலும் கேழ்வரகு உருண்டை, கலம் பரிசல். நீரோட்டத்தில் மீன் இழுக்கும் பக்கம் பரிசல் சுழன்று போனது. கட்டுமரத்தின் தத்துவம் இங்கே தோல் போர்த்த கூடையில் வேலை செய்தது. இந்தக் கூன் மாசீரை ஆய்வாளர்கள் 2018இல்தான் தோர் ரெமாதேவி என்ற இனமாக அடையாளம் கண்டார்கள். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. 2010களின் தொடக்கத்தில் காவிரி வனவிலங்கு சரணாலயத்தின் தூண்டில் முகாம்களும் மூடப்பட்டன.

கடலில் கழையும் ரீலும் கொண்டு பெருமீன் பிடிப்பது தனி விளையாட்டானது கலிபோர்னியாவில். 1898இல் சான்டா கட்டலீனா தீவருகே சார்லஸ் ஹோல்டர் 183 பவுண்டு சூரை ஒன்றைக் கழையில் பிடித்தார். அந்த ஆண்டே அங்கே டூனா கிளப் தொடங்கியது. அப்போதைய ரீலில் மீன் ஓடினால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல்களை உடைத்தது. நாண் ஓடும்போது பிடிப்பவர்கள் சுருளின் மேல் தோல் துண்டை அழுத்தித்தான் தடுத்தார்கள். வில்லியம் போஷென் என்பவரின் யோசனையில் 1910களில் வந்த நட்சத்திரத் திருகு இந்தக் கொடுமையை முடித்தது. கைப்பிடி அசையாமல் நிற்கும்போதே, உள்ளே இறுக்கிய வட்டுகள் வழுக்கி நாணை அளவாக விட்டுக்கொடுக்கும். போஷென் 1913இல் கழையில் முதல் வாள்மீனைப் பிடித்தார். 1930இல் டஹிடியில் நாவலாசிரியர் ஜேன் கிரே 1,040 பவுண்டு மார்லினைக் கழையில் கொண்டுவந்தார். 1939இல் அமைந்த பன்னாட்டு அமைப்பு, எந்த நாணில் எந்த மீன் என்று சாதனைகளை வகை பிரித்துப் பதிவு செய்யத் தொடங்கியது. பெருவின் காபோ பிளாங்கோவில் 1953இல் ஆல்ஃபிரெட் கிளாசெல் பிடித்த 1,560 பவுண்டு கருப்பு மார்லின் இந்த வரிசையின் சிகரம்.

நைலான் வரும்வரை கடல் நாண் ஆளி நாரில் முறுக்கிய லினன். இழை ஒன்று நனைந்த நிலையில் 3 பவுண்டு தாங்கும் என்பது கணக்கு. 24 இழை நாண் என்றால் 72 பவுண்டு. ஒவ்வொரு நாளும் சுருளை அவிழ்த்து அலசி உலர்த்தாவிட்டால் மக்கிப்போகும். 1938இல் அறிவிக்கப்பட்ட நைலான் இந்த வேலையையே ஒழித்தது. சோழமண்டலக் கரைக்கும் 1960களில் அது பரவலாக வந்து, தங்கூஸ், நரம்பு என்ற பெயர்களில் பருத்தியையும் சணலையும் தள்ளிவிட்டது. பிறகு கண்ணாடி இழைப் படகும் வெளிப்பொருத்து இன்ஜினும் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்தன. படகு கனமானது, இழுத்தால் வழுக்கும் மிதவை போய்விட்டது. விட்டுக்கொடுக்கும் வேலை முழுக்க நரம்புக்கும் கைக்கும் வந்து சேர்ந்தது. கழையும் ரீலும் இல்லாமலே ஆழ்கடல் பெருமீனை இன்றும் தூண்டிலில் பிடிப்பவர்களில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதியினர் முதல் வரிசையில் இருக்கிறார்கள். வாரக்கணக்கில் கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிக்கும் அவர்களுக்கு நிகராக எந்தக் கிளப்பையும் சொல்வது கடினம்.

இந்த வரலாறு புதிதாகத் தொடங்குபவருக்கும் வரிசை சொல்கிறது. கடைக்குப் போய்க் கழையைத் தேர்ந்தெடுப்பது தலைகீழ் வழி. மீனில் தொடங்கி, அதன் வாய், முள், கம்பி, நாண், ரீல், கழை என்று பின்னோக்கி வர வேண்டும். சென்னைக் கடலில் வஞ்சிரம், ஊழி, பாரை, சூரை என்று தொடங்குவோருக்கு 30 பவுண்டு வகை நாணும் அதற்கேற்ற ரீலும் போதும். வஞ்சிரத்துக்கும் ஊழிக்கும் கம்பி கட்டாயம். மயில்போல் முதுகுச் செட்டையை விரிக்கும் மயில் மீனுக்குக் கம்பி வேண்டாம். அதன் சொரசொரப்பான மூக்கு உரசினாலும் தாங்கும் தடித்த நரம்பு போதும். அந்தமானின் பெரும்பாரைக்கு 30 பவுண்டு போதாது. அது முதல் நொடியிலேயே பாறைக்குள் பாயும்.

ரீலின் இறுக்கத்தை நாணின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைப்பதில்லை. 30 பவுண்டு நாணுக்கு 10 பவுண்டு, சுமார் நாலரைக் கிலோ. நாண் நுனியை வில்தராசில் கட்டி இழுத்துப் பார்த்தால் கரையிலேயே இது தெரிந்துவிடும். கைக்கணக்கு பெரும்பாலும் ஏமாற்றும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீன் ஓட ஓடச் சுருள் மெலிகிறது. சுருளின் விட்டம் பாதியானால், திருகைத் தொடாமலே இழுவிசை இரண்டு மடங்காகிவிடும். நீண்ட ஓட்டத்தின் முடிவில், இன்னும் இறுக்கலாம் என்று கை போகும் அதே கணத்தில்தான் நாண் அறுகிறது. அந்த நேரத்தில் திருகைத் தளர்த்த வேண்டும். பழகாத கைக்கு இது எளிதில் வராது.

முள் விஷயத்தில் இன்று வட்ட முள்ளையே பலரும் விரும்புகிறார்கள். அது வயிற்றுக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும், மீனை உயிரோடு விடலாம். விட்டே ஆக வேண்டிய மீன்களும் உண்டு. திமிங்கலச் சுறாவும் வேளா இனங்கள் சிலவும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தன. பட்டினப்பாலைப் பரதவர் கொம்பு நட்டு வழிபட்ட வரிசையில் வரும் அந்த வேளா இன்று தூண்டிலில் மாட்டினால், படகில் ஏற்றாமல் நீரிலேயே நரம்பை வெட்டி விடுவதுதான் சட்டத்துக்கு உட்பட்ட வழி.