தொலைவில் உள்ள சாட்சியத்தைத் திருத்த எந்த முனைய மென்பொருள்?

காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தது 2017 பெப்ரவரி 20ஆம் திகதி. அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யும் என்னைப் போன்ற சுயாதீன ஊடகவியலாளர்களுக்கு ஒரு கேள்வி எப்போதும் உண்டு: எழுதியதை எங்கே வைப்பது? மடிக்கணினியில் வைத்தால் பழுதாகலாம், களவு போகலாம், யாராவது வாங்கிப் பார்க்கலாம். சாட்சி சொன்னவரின் பெயரும் அதில்தான் இருக்கும்.

அதனால் பூநகரியில் இருந்து எழுதும்போது குறிப்புகளை வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றில் வைத்து, அங்கேயே திறந்து திருத்துகிறேன். இதற்குத் தேவை முனைய மென்பொருள். தொலைவிலுள்ள கணினியின் எழுத்துத் திரையை நம் கணினியில் காட்டும் ஜன்னல் அது. 1995இல் பின்லாந்தில் உருவான எஸ்.எஸ்.எச். முறையில் தகவல் மறையாக்கப்பட்டுப் போகும். எழுத்து மட்டுமே போவதால் சிக்னல் குறைந்த இடத்திலும் வேலை நடக்கும்.

தெரிவுசெய்யும் முன் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

தமிழ் சரியாகத் தெரிகிறதா?

முனையத் திரை கட்டம் கட்டமாக, ஆங்கில எழுத்துக்காக அமைந்தது. ‘கொ’ யுனிகோட்டில் இரண்டு குறிகள். திரையிலோ மூன்று துண்டுகளாக விரியும். இதனால் கொம்பு இடம் மாறும், கேர்சர் ஓரிடத்திலும் அழியும் எழுத்து வேறிடத்திலும் இருக்கும். ‘கொக்குத்தொடுவாய்’ என்று தட்டிப் பாருங்கள். நடுவில் ஓர் எழுத்தை அழித்துத் திரும்ப எழுதுங்கள். ஊர்ப் பெயர் சிதைந்தால் அந்த மென்பொருள் சாட்சியத்துக்கு உதவாது. லினக்ஸில் எம்.எல்.டேர்ம் இந்திய எழுத்துகளுக்கு ஆதரவு தருகிறது, கொன்சோலையும் சோதிக்கலாம். விண்டோஸில் பலர் பாவிக்கும் பட்டி சிறியது, இலவசம். ஆனால் தமிழைக் காட்டுவதில் பலவீனமானது.

இணைப்பு அறுந்தால்?

சேர்வரில் டிமக்ஸ் போட்டு அதற்குள் எழுதுங்கள். இணைப்பு போனாலும் திறந்த கோப்பு அங்கே அப்படியே இருக்கும். 2012இல் வெளிவந்த மொஷ், வைஃபையில் இருந்து கைபேசி டேட்டாவுக்கு மாறினாலும் தொடரும்; தட்டிய எழுத்தைச் சேர்வரின் பதிலுக்குக் காத்திராமல் காட்டும். ஆனால் சேர்வரிலும் மொஷ் இருக்க வேண்டும், அங்கே யு.டி.பி. வழி திறந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸுக்குள் இதை நிறுவலாம்.

என்ன தடயம் மிஞ்சுகிறது?

கோப்பு மடிக்கணினியில் இல்லை என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. பட்டியில் சேமித்த சேர்வர் விலாசம் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். திரையைப் பதிவுசெய்யும் ‘லொக்’ வசதியை இயக்கினால் சாட்சியமே கோப்பாகச் சேரும். அதை நிறுத்தியே வையுங்கள். எஸ்.எஸ்.எச். சாவிக்குக் கடவுச்சொல் போடுங்கள். மென்பொருளை அதன் உரிய தளத்தில் மட்டும் தரவிறக்குங்கள். தீநிரல் கலந்த போலிப் பட்டி முன்பு பரவியது. 0.68 முதல் 0.80 வரையான பட்டிப் பதிப்புகளில் பி-521 வகைச் சாவியைக் கண்டுபிடிக்க இடம்தரும் ஓட்டை இருந்தது. 2024 ஏப்ரலில் 0.81 அதை அடைத்தது. ஆனால் பழைய பதிப்பில் பாவித்த அந்த வகைச் சாவியைக் கைவிட்டுப் புதிது உருவாக்கவேண்டும்.

என் பரிந்துரை

லினக்ஸ் இருந்தால் எம்.எல்.டேர்ம், மொஷ், டிமக்ஸ் மூன்றையும் சேர்த்துப் பாவியுங்கள். விண்டோஸ் மட்டும் இருந்தால் பட்டியில் பெயர், திகதி போன்ற சிறு திருத்தங்களோடு நிறுத்துங்கள். நீண்ட தமிழ்ப் பந்தியை மறையாக்கிய வன்தட்டில் எழுதி, எஸ்.எஸ்.எச். வழியாக அனுப்புங்கள், போய்ச் சேர்ந்ததைத் திறந்து பார்த்த பிறகே இங்குள்ள பிரதியை அழியுங்கள். ஒரு தாய் நம்பிச் சொன்ன பெயர் பிழையாகப் பதியவும் கூடாது, பிறர் கையில் சிக்கவும் கூடாது.