டேபிள் சா வெச்சிருக்கீங்களா? ஆடாத ப்ளைவுட் கேபினெட் நீங்களே செய்யலாம்!

மாடி ஷெட்லயோ, பார்க்கிங் மூலையிலயோ சின்ன டேபிள் சா வாங்கி வெச்சு மரவேலை கத்துக்கிறீங்களா? அதைப் பழைய மேஜை மேல வெச்சு ஓட்டாதீங்க. பலகையைத் தள்ளும்போது மேஜை லேசா நகர்ந்தாலும் கை பிளேடு பக்கம் போயிடும். நீங்க செய்யப்போற கேபினெட் சாமான் வைக்கிற அலமாரி மட்டுமல்ல, மெஷினோட அஸ்திவாரம்.

எந்த ப்ளைவுட்?

ஐ.எஸ். 303 முத்திரை உள்ள 18 மி.மீ. பி.டபிள்யூ.ஆர். ரகம் போதும், ஈரத்தை ஓரளவு தாங்கும். 8 x 4 அடி ஷீட்டோட ஓரத்தைப் பாருங்க. அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி தெரிஞ்சா வேண்டாம், அங்கே ஸ்க்ரூ பிடிக்காது. முடிஞ்சா கடையிலேயே அறுத்து வாங்குங்க. ஒவ்வொரு அறுப்புக்கும் சுமார் 3 மி.மீ. வீணாகும்.

உயரம் எவ்வளவு?

வேலை செய்யும் உயரம் 900 மி.மீ.னு வைப்போம். மெஷின் 330, சக்கரம் 100 போக, கேபினெட் 470. இதுல மேல், கீழ் பலகைகளுக்கு 36 போனா, பக்கப் பலகை 434 மி.மீ.

எப்படி மாட்டணும்?

மேல் பலகையைப் பக்கப் பலகைகளுக்கு இடையில மாட்டாதீங்க. அப்படி மாட்டினா மொத்த வெயிட்டும் ஸ்க்ரூ மேலதான் நிக்கும். பக்கப் பலகைகள் மேல உட்கார வைங்க. வெயிட் நேரா தரைக்கு இறங்கும். ஃபெவிகால் தடவி, முதல்ல சின்ன துளை போட்டு, அப்புறம் ஸ்க்ரூ முடுக்குங்க. இல்லைன்னா ஓரம் பிளந்துடும். மூலைக்கு மூலை ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருந்தா சட்டம் சதுரம். பின்பலகையை விட்டுடாதீங்க. கேபினெட் பக்கவாட்டுல ஆடாம பிடிக்கிறது அதுதான்.

சக்கரமும் போல்ட்டும்

பிரேக் உள்ள நாலு சக்கரங்களை மூலைகளை ஒட்டி மாட்டுங்க. மேடுபள்ளத் தரையில மூணு சக்கரம்தான் வெயிட் தாங்கும். அதனால மொத்த எடையை மூணால வகுத்து, அதுக்கு மேல தாங்குற சக்கரமா வாங்குங்க. மெஷினுக்கு மர ஸ்க்ரூ வேண்டாம், அதிர்வுல கழண்டுடும். வாஷரோட போல்ட், நட் போடுங்க.

மெஷினோட அடிப்பக்கம் திறந்திருந்தா, மேல் பலகையில துளை வெட்டி, கீழே ஒரு டிராயர் வைங்க; தூள் அதுல விழும். கனமான சாமான்கள் அடித்தட்டுக்கு.

எல்லாம் முடிஞ்சதும் பிளக்கைப் பிடுங்கி, பிரேக் போட்டு, ரெண்டு கையால அழுத்தித் தள்ளிப் பாருங்க. அசைஞ்சா, அன்னைக்கு ஸ்விட்ச் போட வேண்டாம்!