வீட்டில் செய்யும் மின்சுற்றுப் பலகை

பழங்கணினி அபிமானிகள் தம் இல்லங்களில் செய்துகொள்ளும் மின்சுற்றுப் பலகைக்கு மூலபுருஷர், வியன்னாவில் பிறந்து 1936-இல் இங்கிலாந்தில் குடியேறிய பால் ஐஸ்லர் ஆவார். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்து வந்த வழக்கத்தை விடுத்து, மின்கடத்தாப் பலகைமேல் ஒட்டிய செம்புத் தகட்டில் வேண்டிய பாதைகளை மட்டும் மறைத்து, எஞ்சியதை ரசாயனத்தால் அரித்து நீக்கும் முறைக்கு அவர் 1943-இல் காப்புரிமை கோரினார். யுத்தத்துக்குப் பின் இம்முறை தொழிற்சாலைகளில் வேரூன்றியது. பெரிக் குளோரைடுக் கரைசலும் ஒரு பிளாஸ்டிக் தட்டும் போதுமானவையாகையால், அது வீட்டு மேசைக்கும் எளிதில் வந்து சேர்ந்தது.

1974 ஜூலையில் 'ரேடியோ எலக்ட்ரானிக்ஸ்' என்னும் அமெரிக்க சஞ்சிகை, ஜொனதன் டைட்டஸ் இன்டெல் 8008 சில்லைக் கொண்டு அமைத்த மார்க்-8 கணினியைப் பிரசுரித்தது. கையேட்டைத் தருவித்து, பாகங்களைத் தேடிச் சேர்த்து, வாசகரே கட்டிமுடிக்க வேண்டிய கணினி அது. மறு ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி மென்லோ பார்க்கில் ஒரு கார் கொட்டகையில் ஹோம்புரூ கணினிக் கழகம் கூடியது. அதன் உறுப்பினரான ஸ்டீவ் வாஸ்னியாக்கின் ஆப்பிள்-1, 1976-இல் பெட்டியும் விசைப்பலகையுமின்றிப் பலகையாகவே விற்பனைக்கு வந்தது.

பிற்காலத்தார் லேசர் பிரிண்டரில் அச்சிட்ட படத்தைச் செம்பின்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, டோனரையே காப்பாக்கிக் கொண்டனர். சாதாரணப் பலகையில் செம்பின் கனம் 35 மைக்ரான்தான்; கரைசலில் அளவுக்கு மிஞ்சி ஊறினால், அக்கரைசல் காப்பின் அடியிலும் பக்கவாட்டில் புகுந்து பாதையை மெலியச் செய்துவிடும். செம்பு கலந்த அக்கழிவு மீனினத்துக்கு நஞ்சாதலால், அதைச் சாக்கடையில் ஊற்றுவது தகாது.

உண்மையான சிரமம் இருபக்கப் பலகையில்தான் இருக்கிறது. சில்லின் கால்கள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்க, இரு பக்கத்துப் படங்களும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும்; தொழிற்சாலைப் பலகையில் துளைச்சுவருக்குப் பூசப்படும் செம்பு இங்கே இல்லாமையால், துளைதோறும் சிறு கம்பியைச் செருகி இரு பக்கமும் ஈயம் பற்றவைக்க வேண்டும். சில்லைச் செருகும் சாக்கெட்டின் உடல் மேற்பக்கத்தை மறைத்துவிடுவதால், அனுபவசாலிகள் அக்கம்பிகளைச் சற்று விலக்கியே அமைப்பார்கள். இந்த நுட்பம் அறியாதவர் செய்த நினைவகப் பலகை, பார்வைக்கு எவ்வளவு அழகாயினும், இயங்குவது அரிது.

1992-இல் ஜான்-பியேர் ஷராஸ் தொடங்கிய கிகாட் போன்ற, பலகை வடிவமைக்கும் இலவச மென்பொருள்களும், சிறு எண்ணிக்கையிலும் பலகை செய்து தரும் தொழிற்சாலைகளும் இச்சிரமத்தைப் பெரிதும் போக்கிவிட்டன. ஆகவே, 1976-இல் பிறந்த இசட்-80 சில்லை நடுவே நிறுத்தி முழுக் கணினி அமைப்போர் இன்று பலகையைத் தொழிற்சாலையில் செய்வித்துக்கொள்ளுதலே உசிதம். ஒருபக்கச் செம்போடு முடிந்துவிடும் இணைப்புப் பலகைகளுக்கும், மாலையில் தோன்றிய யோசனையை அன்றிரவே சோதிக்க விரும்புவோருக்கும், பெரிக் குளோரைடுத் தட்டு இன்றும் உற்ற துணையாக இருந்துவருகிறது.