உராய்வைத் தணித்த மெல்லிய படலம்

பள்ளி இயற்பியலில் நாம் அனைவரும் கற்ற விதி ஒன்று உண்டு. உராய்வு விசை தொடுபரப்பின் அளவைப் பொறுத்ததன்று. அழுத்தும் சுமையையே பொறுத்தது என்பதே அவ்விதி. செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தாலும் நிறுத்திவைத்து இழுத்தாலும் வேண்டப்படும் விசை ஒன்றே. பிரெஞ்சு அறிஞர் அமொந்தோன் 1699ஆம் ஆண்டில் பாரிசின் அறிவியல் கழகத்தில் இதனை முன்வைத்தார். 1785இல் கூலோம் தம் சோதனைகளால் இதற்கு வலுவூட்டினார். மேற்பரப்புகளின் மேடுபள்ளங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதே உராய்வுக்குக் காரணம் என்று அக்காலத்தார் கருதினர்.

விதி நிலைத்தது, ஆனால், விளக்கம் நிலைக்கவில்லை. தாஸ்மேனியாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பவுடனும் அவருடைய மாணவர் டேபரும் 1939இல் புதியதோர் உண்மையை வெளியிட்டனர். தொட்டுக்கொண்டிருக்கும் இரு உலோகங்களின் வழியே மின்னோட்டம் செலுத்தி அவர்கள் ஆராய்ந்தனர். நம் கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறிய பகுதியே உண்மையில் தொடுகிறது என்பது புலனாயிற்று. முகடுகள் மட்டுமே தொடுகின்றன. சுமையால் நசுங்கி ஒட்டிக்கொள்கின்றன. அவ்வொட்டுகளை அறுக்கத் தேவைப்படும் விசையே உராய்வு. சுமை இருமடங்கானால் உண்மைத் தொடுபரப்பும் இருமடங்காகும். பழைய விதி பொருந்துவதன் காரணம் இதுவே.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கடினமான உலோகத்தில் தொடுபரப்பு சிறிது. ஆயினும், ஒட்டுகளை அறுப்பது அரிது. மென்மையான உலோகத்தில் அறுப்பது எளிது. ஆனால், அது நசுங்கிப் பரவித் தொடுபரப்பைப் பெருக்கிவிடும். ஒன்றில் பெறும் நன்மையை மற்றொன்றில் இழக்கிறோம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இருவரும் மெல்பர்னில் வானூர்தி எந்திரங்களின் தாங்கிகளை ஆராய்ந்தனர். கடினமான எஃகின்மேல் இண்டியம் போன்ற மென்மையான உலோகத்தை மிக மெல்லிய படலமாகப் பூசினால் மேற்கண்ட சிக்கல் தீர்வதை அவர்களின் ஆய்வுகள் காட்டின. சுமையை எஃகு தாங்குவதால் தொடுபரப்பு பெருகுவதில்லை, அறுபடுவதோ மென்படலம். படலம் தடித்தால் தொடுபரப்பு பெருகும். அளவுக்கு மீறி மெலிந்தால் எஃகு வெளிப்பட்டுவிடும். ஏறத்தாழ மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குத் தடிமனே ஏற்றதாயிருந்தது. 1950இல் இருவரும் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று.

பின்னர், தேய்மானத்தைத் தடுக்கக் கடினப் பூச்சுகளும் வந்தன. இன்று கடைகளில் பொன்னிறமாக மின்னும் துளையிடும் அலகுகளை மாணவர்கள் கண்டிருப்பர். அந்நிறம் அழகுக்கன்று, அது டைட்டானியம் நைட்ரைடு என்னும் கடினப் படலத்தின் நிறம். வெட்டப்படும் உலோகம் அலகில் ஒட்டுவதையும் அலகு விரைவில் மழுங்குவதையும் அது தடுக்கிறது.

1966இல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான பிரிட்டிஷ் அரசுக் குழு, இவ்வறிவை முறையாகப் பயன்படுத்தினால் அந்நாடு ஆண்டுதோறும் 51.5 கோடி பவுண்டு சேமிக்கலாம் என மதிப்பிட்டது. உராய்வு, தேய்மானம், உயவு ஆகிய மூன்றையும் இணைக்கும் துறைக்குக் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘டிரைபாலஜி’ என்னும் பெயரையும் வழங்கியது. நாம் அதனை ‘உராய்வியல்’ என்கிறோம்.

“பரப்பைப் பொறுத்ததன்று” என்று வகுப்பில் கூறும்போது, “எந்தப் பரப்பை?” என்று ஒரு மாணவர் வினவக்கூடும். அவ்வினாவைத் தடுக்காது வரவேற்பதே ஆசிரியர்க்கு அழகு. இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து அறிவியலும் அவ்வினாவைத்தான் எழுப்பியது.