வழியில் விடுபட்ட ஊர்கள்: பொம்மனஹள்ளி வட்டாரக் கல்வெட்டுகளும் ஊர்ப்பெயர் வரலாறும்

1. முன்னுரை

தமிழில் உள்நாட்டுப் பயண இலக்கியம் வளமானது. காவிரியின் கரையோடு பயணித்து எழுதப்பட்ட ‘நடந்தாய் வாழி காவேரி’ (1971) போன்ற நூல்கள், அரசியல் எல்லைகளைப் பொருட்படுத்தாமல் ஊர்களை அணுகும் பார்வையைத் தமிழ் வாசகர்க்குத் தந்தன. எனினும் பயணக் கையேடுகள் பரிந்துரைக்கும் இடங்கள் மிகச் சிலவே. பெங்களூருவைப் பொறுத்தவரை லால்பாக், திப்புவின் கோடைக்கால அரண்மனை, கெம்பே கவுடர் 1537-இல் அமைத்த கோட்டை ஆகியவற்றோடு நகரின் பழமை முடிந்துவிடுவதாகவே அவை கொள்கின்றன.

ஓசூர்ச் சாலை வழியாக இந்நகருக்கு வருவோர் பொம்மனஹள்ளியைக் கடந்தே வருகின்றனர். 2007-இல் பெங்களூரு மாநகராட்சியோடு இணையும்வரை பொம்மனஹள்ளி தனி நகரசபையாக இருந்தது. 2025-இல் தொடங்கப்பெற்ற மெட்ரோவின் மஞ்சள் வழித்தடமும் இதன் வழியே செல்கிறது. நெரிசலுக்குப் பெயர்பெற்ற இவ்விடத்தில் பயணி இறங்குவதற்குக் காரணம் ஏதும் இருப்பதாக எவரும் கூறுவதில்லை. ஆனால் இதற்குத் தெற்கில் உள்ள பேகூரும், வடக்கில் உள்ள மடிவாளமும் பெங்களூரு என்னும் பெயரின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளைக் கொண்டுள்ளன. அவற்றுள் ஒன்று கன்னடம், மற்றொன்று தமிழ். இவ்விரு சான்றுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்களையும் மொழியியல் நோக்கில் ஆராய்வதும், அவை மொழிபெயர்ப்பாளர்க்கு எழுப்பும் சிக்கல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பொம்மனஹள்ளி என்னும் பெயர்

பயணத்தை ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்கலாம். பொம்மன் என்பது பிரம்மன் என்பதன் வழக்கு வடிவம். ஆட்பெயராகத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பயில்வது. ஹள்ளி என்பது பழங்கன்னடப் பள்ளி. கன்னடத்தில் மொழிமுதல் பகரம் ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டு முதல் ஹகரமாகத் திரியத் தொடங்கி, பதினான்காம் நூற்றாண்டளவில் அம்மாற்றம் பெரிதும் நிறைவுற்றது. தமிழ்ப் ‘புது’வுக்கு இனமான ‘பொச’ என்பது ‘ஹொச’ ஆனதும் இவ்வாறே. ஆகவே ஹொசூரு என்பதும் புதூர் என்பதும் பொருளால் ஒன்றே. தமிழர் அதனை ஓசூர் என ஹகரம் நீக்கி வழங்குகின்றனர்.

இம்மாற்றத்தின் மூன்று படிகளையும் ஒரே வட்டாரத்திற் காண விரும்புவோர் தருமபுரி மாவட்டத்திற்குச் செல்லலாம். நல்லம்பள்ளியில் பகரம் நிற்கிறது, மாரண்டஹள்ளியில் ஹகரமாயிற்று, அதே ஊரை மாரண்டஅள்ளி என எழுதும்போது ஹகரமும் மறைகிறது. பள்ளி என்னும் சொல்லுக்குச் சிற்றூர், சமண பௌத்த உறைவிடம், துயிலிடம், கல்விக்கூடம் எனப் பல பொருள்கள் உண்டு. இன்றைய தமிழில் இறுதிப் பொருளே ஓங்கி நிற்பதால், ஊர்ப்பெயர்களில் வரும் பள்ளியைக் கல்விக்கூடமெனக் கொள்ளும் தவறு எளிதில் நேர்கிறது. ஹள்ளி என்னும் கன்னட வடிவமோ சிற்றூர் என்னும் பொருளை ஐயமின்றிக் காத்து வருகிறது. ஒரு மொழியில் மங்கிய பொருளை அண்டை மொழி துலக்குவதற்கு இது தக்க சான்று.

3. பேகூர்: ஒரு போரின் நினைவு

பேகூர் நாகேசுவரர் கோயில் வளாகத்தில் உள்ள பழங்கன்னடக் கல்வெட்டு, கி.பி. 890 அளவினதாகக் கணிக்கப்படுகிறது. பெங்களூரில் நடந்த ‘காளகத்தில்’, அதாவது போரில், வீரன் ஒருவன் மாண்ட செய்தியை அது பதிவு செய்கிறது. பெங்களூரு என்னும் பெயர் வரும் மிகப் பழைய ஆவணமாக அறியப்படுவது இதுவே. கங்க மன்னன் எறெயப்பன் காலத்தைச் சேர்ந்த மற்றொரு புகழ்பெற்ற பேகூர் நடுகல், பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. போரில் மாண்ட நாகத்தரனின் பதவியும் ‘பெம்பூர்ப் பன்னிரண்டு’ ஊர்களும் இருகன் என்பவனுக்கு அளிக்கப்பட்டதை அக்கல் கூறுகிறது.

போசள மன்னன் இரண்டாம் வீரவல்லாளன் வேட்டையில் வழிதவறியபோது முதியவள் ஒருத்தி வேகவைத்த பயறு கொடுத்தாள் என்றும், அதனால் ‘பெந்த காளூரு’ எனப் பெயர் ஏற்பட்டது என்றும் ஒரு கதை வழங்குகிறது. வீரவல்லாளன் ஆட்சியேற்றது 1173-இல். அவனுக்கு ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன்னரே இப்பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டுவிட்டது. காலம் பொருந்தாமையோடு ஒலியும் பொருந்தவில்லை. பயற்றைக் குறிக்கும் காளு என்பதில் உள்ள நெடில் ஊர்ப்பெயரில் இல்லை. கையேடுகள் இக்கதையை விரும்பி எடுத்தாள்கின்றன. கதையை நீக்கவேண்டும் என்பதன்று நம் கருத்து. கல்லின் சான்றும் அதனருகே இடம்பெறவேண்டும் என்பதே.

பேகூரின் பழம்பெயர் கன்னடத்தில் பெம்பூர் எனவும், தமிழில் வெப்பூர் எனவும் காணப்படுகிறது. இவற்றின் உறவு ஆராயத்தக்கது. இடைக்காலக் கல்வெட்டெழுத்து எகர ஏகாரங்களை வேறுபடுத்துவதில்லை. ஆகவே வெப்பூர் என அச்சிடப்படுவதை வேப்பூர் எனவும் படிக்கலாம். இன்றைய பேகூரு என்னும் வடிவின் நெடில் இவ்வாசிப்புக்கு ஆதரவளிக்கிறது. அவ்வாறாயின் பெம்பூர், வேப்பூர் ஆகியவற்றிடையே உள்ள வேறுபாடு, வேம்பு என்பது வேப்பமரம் என்னும் தொடரில் வல்லொற்றுப் பெறும் தமிழ்ப் புணர்ச்சியோடு ஒத்துச் செல்கிறது. வேம்பின் பெயரால் அமைந்த ஊர் என இதனை ஒரு கருதுகோளாக முன்வைக்கலாம்.

4. மடிவாளம்: ஓர் ஏரியின் நினைவு

மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் புறச்சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பழையது கி.பி. 1247-ஐச் சேர்ந்தது. வெப்பூரைச் சேர்ந்த ஒருவர், வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கொடையாக அளித்ததை அது தெரிவிக்கிறது. பேகூர்க் கல்லில் ஒரு மரணத்தால் நினைக்கப்பட்ட ஊர், மடிவாளத்தில் அதன் நீர்நிலையால் அறியப்படுகிறது. நகரம் தோன்றியதாகக் கையேடுகள் கூறும் 1537-க்கு 290 ஆண்டுகளுக்கு முன்பே அது பெரிய ஏரியும் பாசன நிலமும் உடைய ஊராக இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

வெங்களூர் என்னும் வடிவம் நம் தனிக் கவனத்திற்குரியது. திராவிட மொழிமுதல் வகரம் கன்னடத்தில் ஒலிப்புடைப் பகரமாகும்: வாய் – பாயி, வேர் – பேரு, வெள்ளி – பெள்ளி. கன்னடக் கல்வெட்டில் 890 அளவிலேயே இம்மாற்றம் நிகழ்ந்துவிட்டது. மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் எழுதிய தமிழ் எழுத்தர், காதிற் கேட்ட ஒலியை மட்டும் பதிவு செய்திருந்தால் பகரமிட்டே எழுதியிருப்பார். அவர் வகரமிட்டு எழுதியதற்கு இரண்டு விளக்கங்கள் கூடும். ஒன்று, அங்கு வாழ்ந்த தமிழ் பேசுவோரிடையே பழைய வடிவம் நிலைத்திருந்தது. மற்றொன்று, இருமொழி வல்லுநரான எழுத்தர் ஒலியொப்புமையை உணர்ந்து தம் மொழிக்கேற்ப மாற்றினார். இவற்றுள் எதனைக் கொண்டாலும், இவ்வட்டாரத்தில் இருமொழியம் ஆழ வேரூன்றியிருந்தமை புலனாகும்.

மற்றொரு கல்வெட்டு ‘தாமரைக்கிரை’யில் நிலம் அளித்ததைக் கூறுகிறது. இது இன்றைய தாவரகெரே என்பர். இப்பெயரைத் ‘தாமரைக் குளத்தின் கரை’ எனப் பெயர்ப்பது வழக்கமாயிற்று. இது மறுசிந்தனைக்குரியது. கன்னடக் கெரெ என்பதன் பொருள் கரை அன்று, ஏரி. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, கெரெ என்பதன் பழைய வடிவமாகிய கெறெயைத் தமிழ்ச் ‘சிறை’, தெலுங்குச் ‘செருவு’ ஆகியவற்றோடு இனப்படுத்துகிறது. நீரைச் சிறைப்படுத்துவது சிறை. முன்னுயிர்க்கு முன் ககரம் தமிழில் சகரமாவது அறிந்ததே. கரை என்பது வேறு சொல். எனவே தாமரைக்கிரை என்பதில் முற்பாதி தமிழாக்கம் பெற்றுள்ளது. பிற்பாதி கன்னடச் சொல்லே தமிழ் ஒலியமைப்பில் நிற்கிறது. ‘தாமரை ஏரி’ என்பதே நேரிய பெயர்ப்பாகும். கரை என மொழிபெயர்த்தால் ஊரின் பெயரிலிருந்தே ஏரி விலகிவிடுகிறது. கட்டடங்கள் நெருங்கிய இன்றைய தாவரகெரேயில் அந்நீர்நிலையை நினைவூட்டுவது பெரும்பாலும் பெயரே. ஆதலின் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

5. தமிழ் இங்கு வந்த வரலாறு

சோழர் 1004-இல் கங்கபாடியைக் கைப்பற்றினர். விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டை 1116 அளவில் வென்றபின் இப்பகுதி படிப்படியாகப் போசளர் வசமாயிற்று. ஆட்சி மாறிய பின்னரும் கல்லில் தமிழ் நீடித்தது. சோமேசுவரன் 1254-இல் நாட்டைத் தன் மைந்தரிடையே பகிர்ந்தபோது, தமிழ்ப் பகுதிகளும் கிழக்குப் பகுதியும் இராமநாதனுக்கு உரியவாயின. அவன் சமயபுரத்தை அடுத்த கண்ணனூரிலிருந்தும் பின்னர் ஓசூர்ப் பக்கத்துக் குந்தாணியிலிருந்தும் ஆண்டான். தொம்பலூர் எனக் கல்வெட்டுகள் கூறும் இன்றைய தொம்மலூருவின் சொக்கநாதசுவாமி கோயிலிலும் இக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள. இன்றைய எலகங்கா, தமிழ்க் கல்வெட்டுகளில் இலைப்பாக்க நாடு எனப்பட்டது.

இச்சான்றுகளை ஒரு மொழியினரின் உரிமை ஆவணங்களாகக் காட்டுவது வரலாற்று நெறியன்று. கன்னட நடுகல்லும் தமிழ்க் கொடைச் சாசனமும் ஒரே ஊரைப் பற்றிப் பேசுகின்றன. ஒன்றின்றி மற்றொன்று முழுமை பெறுவதில்லை.

6. கற்களின் இன்றைய நிலை

பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் தொகுத்த கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதியில் பெங்களூரு மாவட்டப் பகுதி 1905-இல் வெளிவந்தது. அதில் இடம்பெற்ற கற்களுள் பல, சாலை விரிவாக்கத்திலும் கட்டடப் பணியிலும் அழிந்தன. எஞ்சியவற்றுள் சில சுண்ணாம்புக்கும் வண்ணப்பூச்சுக்கும் அடியில் உள. இதற்கு மாறான முயற்சிகளும் உண்டு. ஹெப்பாளத்தில் 2018-இல் வடிகால் தோண்டும்போது, கி.பி. 750 அளவினதாகிய கிட்டய்யனின் நடுகல் வெளிப்பட்டது. அதனைக் காப்பாற்றியோர் ஆர்வமுள்ள குடிமக்கள். 1909-இல் நிறுவப்பெற்ற மிதிக் சொசைட்டி, பெங்களூருக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் மின்பதிவு செய்யும் பணியை 2021-இல் தொடங்கியது.

7. முடிவுரை

அறியப்படாத ஊர்களைக் காணும் பயணம், தொலைவிலுள்ள காட்டையோ மலையையோ நாடுவதாகவே இருக்கவேண்டியதில்லை. நாள்தோறும் கடக்கும் ஊரின் பெயரை ஒருமுறை நின்று படிப்பதும் பயணமே. அத்தகைய பயணிக்கு வழிகாட்டும் பலகைகளையும் நூல்களையும் எழுதுவோர் மொழிபெயர்ப்பாளர்கள். அவர்கள் கல்வெட்டு வடிவத்தையும் இன்றைய வடிவத்தையும் அருகருகே தருதலும், ஊர்ப்பெயரின் ஈற்றுச் சொல்லைப் பெயர்க்குமுன் இன மொழியில் அதன் பொருளை ஒப்புநோக்குதலும் இன்றியமையாதன.

மடிவாளத்தில் கட்டுரையாளர் சுவர் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோயில் வாயிலில் பூ விற்கும் முதிய அம்மையார் ஒருவர் அருகில் வந்தார். தருமபுரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஐந்தாம் வகுப்புவரை தமிழ் படித்தவர். அவை வேற்று மொழி எழுத்துகள் என்றே இதுகாறும் எண்ணியிருந்ததாகக் கூறினார். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழெழுத்துகளுட் சில இன்றைய வடிவிற்கு மிக அணுக்கமானவை. மகரத்தையும் பகரத்தையும் டகரத்தையும் சுட்டியதும், அடுத்திருந்த எழுத்துகளை அவரே விரலால் தடவி ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார். அச்சுவரின் கீழ்வரிசையில் சில கற்கள் சிமென்டுப் பூச்சில் மறைந்திருந்தன; அவ்விடம் வந்ததும் விரல் நின்றது. எஞ்சிய வரிகளையேனும் படிக்கத்தக்கனவாக விட்டுவைப்பது நம் காலத்தின் கடமை.