குறைகடத்தி இலேசரும் ஆர்வலர் கைவினையும்

அறிவியற் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் ஆய்வுகூடங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எக்கருவியை எவர் எந்த ஆண்டிற் கண்டார், அதனால் எத்தொழில் வளர்ந்தது என்பனவே அவ்வரலாறு எழுப்பும் வினாக்கள். ஆயின், ஊதியமோ பட்டமோ கருதாது, வீட்டு மேசையிற் கருவிகளைச் செய்தும் இயக்கியும் பார்த்த ஆர்வலர்களுக்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு. பளிங்கு வானொலி வாங்கிகளைத் தாமே அமைத்தோரும், தொலைகாட்டிக்குரிய ஆடிகளைக் கையாற் தேய்த்தோரும் இம்மரபினர். குறைகடத்தி இருவாயி இலேசரைத் தம் பொழுதுபோக்காகக் கொண்டோர் இம்மரபின் பிற்காலக் கிளையினர் எனலாம். ஆயின் இவர்கள் பாற் பிறர்பால் எழாத ஓர் ஐயம் எழுகின்றது. இலேசர் இருவாயியின் பளிங்கை எவரும் வீட்டில் வளர்த்தல் இயலாது. அது தொழிற்சாலையில் மட்டுமே பிறப்பது. அவ்வாறாயின் ‘தாமே செய்த இலேசர்’ என்னும் கூற்றுக்குப் பொருள் யாது? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு அக்கருவியின் தோற்றத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

தோற்றம்

தூண்டிய காலல் என்னும் கருத்தை ஐன்ஸ்டீன் 1917இல் வெளியிட்டார். உயர்சக்தி நிலையிலுள்ள ஓர் அணு, தன்மீது வந்துறும் ஒளியினாற் தூண்டப்பட்டு, அதே அலைநீளமும் அதே திசையும் உடைய ஒளியைக் காலும் என்பதே அதன் சாரம். இக்கருத்து ஒளிக்கருவியாக உருப்பெற நாற்பதாண்டுகளுக்கு மேற் சென்றது. 1960 மே 16ஆந் திகதி, கலிபோர்னியாவில் ஹியூஸ் ஆய்வுகூடத்தில், தியடோர் மைமன் மாணிக்கப் பளிங்கைக் கொண்டு முதல் இலேசரை இயக்கினார். அதே ஆண்டின் இறுதியில் பெல் ஆய்வுகூடத்தில் ஈலியம்–நியோன் வாயு இலேசர் ஒளிர்ந்தது.

இருவாயி இலேசரின் கதை 1962 யூலையில் நியூ ஹம்சயர் மாநிலத்து டர்ஹம் நகரில் நடைபெற்ற ஒரு மாநாட்டிலே தொடங்குகின்றது. கலியம் ஆசனைட்டு இருவாயியில் மின்னோட்டம் செல்லும்போது மிக்க வினைத்திறனுடன் செங்கீழ் ஒளி வெளிப்படுகின்றது என மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் லிங்கன் ஆய்வுகூடத்தினர் அங்கு அறிவித்தனர். அதனைக் கேட்டிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வாளர் றொபேட் ஹோல், ஊர் திரும்பும் புகைவண்டியிலேயே கணக்கிடத் தொடங்கினார். அவ்வொளியை இலேசராக்க வேண்டுமாயின், கடுகினுஞ் சிறிய அப்பளிங்கின் எதிரெதிர் முகங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமான ஆடிகளாதல் வேண்டும். இவ்விடத்தில் ஹோலுக்குக் கைகொடுத்தது அவர்தம் இளமைக்காலப் பொழுதுபோக்கேயாகும். தொலைகாட்டி ஆடிகளைத் தாமே தேய்த்து மெருகிட்ட அனுபவம் அவருக்கிருந்தது. அப்பயிற்சியை நம்பிப் பளிங்கு முகங்களை மெருகிடத் துணிந்த அவரும் அவர்தம் தோழர் நால்வரும் 1962 செப்தெம்பர் 16ஆந் திகதி முதல் இருவாயி இலேசரை இயக்கினர். சில வாரங்களுள் ஐ.பி.எம். நிறுவனத்தாரும், லிங்கன் ஆய்வுகூடத்தாரும், கட்புலனாகும் செவ்வொளியுடன் நிக் ஹொலோனியாக்கும் தத்தம் இலேசர்களைக் கண்டனர். ஆய்வுகூட வெற்றியொன்றின் அடியில் ஓர் ஆர்வலரின் கைப்பயிற்சி கிடந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

கண்ணாடிக் குழாய்க் காலம்

அத்தொடக்ககால இருவாயிகள் வீட்டு மேசைக்கு உரியனவாக இருக்கவில்லை. திரவ நைதரசனின் குளிர்நிலையில், அதாவது –196 பாகை செல்சியசில், கணப்பொழுதுத் துடிப்புக்களாகவே அவை ஒளிர்ந்தன. ஆதலின் ஆர்வலர்கள் முதலில் நாடியது வாயு இலேசர்களையே. சயன்றிபிக் அமெரிக்கன் சஞ்சிகையில் சீ. எல். ஸ்ரோங் நடாத்திய ஆர்வலர் அறிவியற் பகுதி இதற்குப் பெருந்துணை புரிந்தது. 1964இல் ஈலியம்–நியோன் இலேசரும், 1969இல் ஆகன் இலேசரும், 1970இற் சாய இலேசரும், 1971இற் காபனீரொட்சைட்டு இலேசரும், 1974இல் நைதரசன் இலேசரும் அப்பகுதியிற் செய்முறையோடு விளக்கப்பட்டன.

அக்காலத்து ஆர்வலர் கண்ணாடியை ஊதி உருக்கி இணைத்தார். வெற்றிடப் பம்பியைப் பழுது பார்த்தார். ஆடிகளை நுண்ணிய திருகாணிகளால் நேர்ப்படுத்தினார். இலேசரின் ஒவ்வோருறுப்பும் அவர் கைபட்டே உருவாயிற்று. ‘தாமே செய்த’ என்னும் அடைமொழி அவருக்கு எவ்வித ஐயமுமின்றிப் பொருந்தும்.

இருவாயி கைக்கு வந்தமை

இருவாயியை அறைவெப்பநிலைக்குக் கொணர்ந்தது பல்லடுக்குப் பளிங்கமைப்பாகும். கலியம் ஆசனைட்டின் மெல்லிய படையொன்றை அலுமினியங் கலந்த இரு படைகளுக்கிடையே அடைத்து, இலத்திரன்களையும் ஒளியையும் ஒருங்கே சிறைப்படுத்தினால், இலேசராதற்கு வேண்டிய மின்னோட்டம் பெரிதுங் குறையும். 1970இல் லெனின்கிராட்டில் அல்பேரோவின் குழுவினரும், பெல் ஆய்வுகூடத்தில் ஹயாஷி, பனிஷ் ஆகியோரும் இவ்வமைப்பினால் அறைவெப்பநிலையில் இடையறாது ஒளிரும் இருவாயியைக் கண்டனர். இத்தகைய அமைப்புக்களை வளர்த்தமைக்காக அல்பேரோவும் குறோமரும் 2000ஆம் ஆண்டின் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர்.

இதற்கிடையில், அறைவெப்பநிலையிற் துடிப்புக்களாக ஒளிரும் இருவாயிகள் விற்பனைக்கு வந்தன. 1972இற் காம்பெல், மிம்ஸ் ஆகியோர் இவ்விருவாயிகள் பற்றி நூலொன்றை வெளியிட்டனர். 1973இற் சயன்றிபிக் அமெரிக்கன் பகுதியும் செங்கீழ் இருவாயி இலேசர் ஒன்றை விளக்கியது. எனினும் அவை விலைமிகுந்தன; ஒளியுங் கண்ணுக்குப் புலப்படாதது.

பெரும் மாற்றத்தை விளைவித்தது இசைத்தட்டேயாகும். 1982இற் சோனி, பிலிப்ஸ் நிறுவனங்களின் முயற்சியால் இறுவட்டு இயக்கி சந்தைக்கு வந்தபோது, 780 நனோமீற்றர் அலைநீளமுடைய இருவாயியொன்று அதனுள் அமர்ந்திருந்தது. கோடிக்கணக்கில் உற்பத்தியானபோது அதன் விலை வீழ்ந்தது. 1996இல் வந்த டீ.வீ.டீ. 650 நனோமீற்றர்ச் செவ்வொளியைக் கொணர்ந்தது. தட்டை வாசிக்கச் சில மில்லி உவாற்றுப் போதும்; ஆயின் தட்டில் எழுதுவதற்கு நூறு மில்லி உவாற்றும் அதற்கு மேலும் வேண்டும். ஆகவே பழுதடைந்த எழுதுகருவிகள் ஆர்வலர்களின் சுரங்கங்களாயின. யப்பானில் நக்கமுறா 1995–96இற் கண்ட ஊதா இருவாயியின் வழியாக, 2006இல் 405 நனோமீற்றர் புளூ-ரே கருவிகள் வந்தன. 2010இற் கசியோ நிறுவனத்தின் ஒளியெறிகருவியொன்றில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 உவாற்று வலுவுடைய 24 நீல இருவாயிகள் இருந்தமையை அறிந்த ஆர்வலர்கள், அவற்றுக்காகவே அக்கருவியை வாங்கிப் பிரித்தனர். முற்காலத்தில் ஒருவர் பல திங்கள் உழைத்தும் பெறாத ஒளிவலு, திருகாணிகள் சிலவற்றைக் கழற்றிய அளவிற் கைக்கு வந்தது.

இயக்கும் கலை

ஒளிமூலம் எளிதிற் கிடைத்தது. அதனை உயிரோடு வைத்திருத்தலோ எளிதாக இருக்கவில்லை. இருவாயி இலேசரின் இயல்பே இதற்குக் காரணம். ஒரு வரம்பு மின்னோட்டத்திற்குக் கீழே அது சாதாரண ஒளிகாலும் இருவாயியைப் போன்றே மங்கலாக ஒளிரும். வரம்பைக் கடந்ததும் ஒளிவலு செங்குத்தாக ஏறும். அழுத்தத்திற் சிறிதளவு கூடினும் மின்னோட்டம் மிகப் பெரிதாகக் கூடிவிடும். ஒளி வெளிப்படும் முகமோ ஒரு மைக்கிரோமீற்றர் அளவினது. அவ்வளவு சிறிய இடத்தில் ஒளி செறிவதால், எல்லை மீறிய மின்னோட்டம் கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறிய காலத்துள் அம்முகத்தைச் சிதைத்துவிடும். விரல்நுனியிலுள்ள நிலைமின்னே அதனைக் கொல்லப் போதுமானது. இறந்த இருவாயி அணைந்துவிடுவதுமில்லை. இலேசர்த் தன்மையை இழந்து மங்கிய வெளிச்சமாக நிற்கும்.

ஆதலின் ஆர்வலரின் கைவினை முழுவதும் மின்னோட்டத்தை மாறாது காக்கும் இயக்கச்சுற்றிலே குவிந்தது. தொடக்ககாலத் துடிப்பு இருவாயிகளுக்குக் கொள்ளளவியொன்றை மின்னேற்றி, சிலிக்கன் கட்டுப்பாட்டுச் சீராக்கி வழியாக ஏறத்தாழ 200 நனோசெக்கனுக்குள் பல அம்பியரைப் பாய்ச்சினர். பின்வந்த தொடரொளி இருவாயிகளுக்கு எல்.எம். 317 என்னும் மலிவான அழுத்தச் சீராக்கி பெருவழக்காயிற்று. அது தன் வெளியீட்டு முனைக்கும் சீராக்கு முனைக்குமிடையே 1.25 உவோற்று வேறுபாட்டை என்றும் பேணுவது. அம்முனைகளுக்கிடையே 5 ஓம் தடையியை வைத்தால், 1.25ஐ 5ஆல் வகுக்க வரும் 250 மில்லி அம்பியரே சுற்றிற் பாயும். மின்கலம் சிறிது தளரினும் அளவு மாறாது. பாடநூலிற் படித்த ஓமின் விதியே இங்கு இருவாயியின் உயிரைக் காக்கின்றது.

இச்சுற்றோடு ஓர் ஒழுக்கமும் வளர்ந்தது. இருவாயியை இணைக்குமுன், அதன் இடத்திற் சாதாரண சிலிக்கன் இருவாயிகள் சிலவற்றையும் 1 ஓம் தடையியொன்றையும் தொடராக வைத்து, மின்னோட்டத்தை அளந்து பார்த்தல் அவர்தம் வழக்கம். அத்தடையியின் ஒவ்வொரு மில்லி உவோற்றும் ஒரு மில்லி அம்பியரைக் குறிக்கும். வெளியீட்டிலுள்ள கொள்ளளவியை மின்னிறக்காமல் இருவாயியை இணைத்தலாகாது என்பது மற்றொரு விதி. இணைப்பின்றி இயங்கிய சுற்றிற் கொள்ளளவி முழு அழுத்தத்திற்கும் ஏறியிருக்கும். இருவாயி தொட்டவுடன் அவ்வளவும் அதனூடாகப் பாய்ந்துவிடும். இவ்விதிகள் இறந்த இருவாயிகளின் விலையிற் கற்கப்பட்டவை.

கண்ணும் சட்டமும்

இருவாயி இறப்பின் இன்னொன்றை வாங்கலாம்; விழித்திரைக்கு அவ்வழியில்லை. கட்புலனாகும் ஒளி தாக்கும்போது கண் ஏறத்தாழ கால் செக்கனில் மூடிக்கொள்ளும். 5 மில்லி உவாற்றுக்கு மேற்பட்ட ஒளிக்கற்றைக்கு அக்காற் செக்கனும் தாமதமே. செங்கீழ் ஒளிக்குக் கண் மூடுவதேயில்லை. காணாத ஒளியே கூடிய கேடு செய்வது. 500 மில்லி உவாற்றைக் கடந்த நான்காம் வகுப்பு இலேசர்களின் சிதறொளியும் கண்ணுக்குத் தீங்கானது. ஐக்கிய அமெரிக்கா 1976இலேயே இலேசர்ப் பொருட்களுக்குக் கட்டுப்பாட்டு நியமங்களை நடைமுறைப்படுத்தியது. எனினும் ஆற்றல்மிக்க இருவாயிகள் பரவியதும் புதிய கேடுகள் தோன்றின. சிட்னி விமானநிலையத்தை அணுகிய விமானங்கள்மீது 2008இல் ஒளிக்கற்றைகள் பாய்ச்சப்பட்டதைத் தொடர்ந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கைச்சுட்டு இலேசர்களைக் கடுமையாகத் தடைசெய்தது. 2012இல் விமானத்தை நோக்கி இலேசரைச் செலுத்துதல் ஐக்கிய அமெரிக்காவிற் கூட்டாட்சிக் குற்றமாயிற்று. அரிதின் முயன்று கண்ணாடிக் குழாய் செய்தவரிடம் அவ்வுழைப்பே ஒரு காவலாக இருந்தது. ஆற்றல் எளிதிற் கைக்கு வந்தபோது அக்காவல் நீங்கியது. அதன் இடத்தை அறிவே நிரப்புதல் வேண்டும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால், ‘தாமே செய்த இலேசர்’ என்னும் சொற்றொடரின் பொருள் இல்லாதொழியவில்லை, இடம்மாறியுள்ளது என்பது பெறப்படும். 1960களிற் கைவினை ஒளியை உண்டாக்குவதில் இருந்தது; இருவாயிக் காலத்தில் அது ஒளியை அடக்கியாள்வதிற் குடிபுகுந்தது. அளந்தறிந்து, எல்லை அறிந்து, பொறுமையோடு செய்தல் என்னும் பண்பு இரண்டிற்கும் பொதுவானது. ஆடி தேய்த்துப் பழகிய ஹோலின் கையிலும் அப்பண்பே இருந்தது. அளவியை நோக்காது மின்னை இணைப்பவர் தொழிற்சாலைப் பொருளொன்றை நுகர்பவரேயன்றி அதன் வினைஞர் ஆகார். 1.25 உவோற்றை 5 ஓமால் வகுத்து, விடையை அளந்து, கண்ணுக்குக் காப்பணிந்து, அதன்பின் மின்னை இணைப்பவரோ பளிங்கைத் தாம் வளர்க்காவிடினும் அவ்விலேசரைத் தம்முடையதென உரிமை கூறத் தக்கவர்.