அத்தியூர் வழக்கும் ஒரு சங்கம் பிறந்த கதையும்

திண்டிவனம்னா எங்க பக்கத்து விவசாயிக்கு மல்லாட்டைதான் ஞாபகத்துக்கு வரும். டி.எம்.வி. என்று தொடங்கும் வேர்க்கடலை, எள் ரகங்களின் பெயருக்குள்ளேயே அந்த ஊர் இருக்கிறது. ஆனால் அதே ஊரிலிருந்து இன்னொன்றும் கிளம்பியது. அது பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், ஆண்டு 1996. அதன் வேரைத் தேடிப் போனால் ஒரு பாலியல் வன்முறை வழக்கில் போய் நிற்கிறோம்.

முதலில் ஊர் நிலவரம். 1993 ஜூலையில் விழுப்புரம் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. அது தென்னாற்காடு. அந்த ஆண்டு செப்டம்பர் 30-ம் தேதிதான் விழுப்புரம் தனி மாவட்டமானது. அதற்கு இரண்டு மாதம் முன்னால், பாண்டிச்சேரி காவலர்கள் ஒரு திருட்டு வழக்கில் ஓர் ஆளைத் தேடி அத்தியூருக்கு வந்தார்கள். தேடப்பட்டவரின் உறவுக்காரப் பெண்ணுக்கு வயது 17. காவலர்கள் தன்னைக் கூட்டாக வன்புணர்ந்தார்கள் என்பது அவருடைய புகார். அவர் பெயர் அப்போது போஸ்டர் வரைக்கும் வந்துவிட்டது. நான் இங்கே எழுதவில்லை. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது 1983-லேயே சட்டத்தில் ஏறிவிட்டது.

திருட்டுன்னா போலீஸ் ஏன் நேரா இருளர் வீட்டுக்குப் போகுது? இதற்கு ஒரு பின்கதை உண்டு. பாம்பு பிடிப்பது இருளர்களுக்குக் கைவந்த தொழில். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சிலருக்கு விஷம் எடுக்கும் வேலை தந்தது. மற்றவர்களுக்கு ரைஸ் மில், செங்கல் சூளை, தோப்புக் காவல். சொந்த நிலம் இல்லை, பட்டா இல்லை, கேட்க ஆள் இல்லை. துப்பு கிடைக்காத திருட்டு வழக்கை யார் தலையில் கட்டினாலும் நாலு பேர் வந்து நியாயம் கேட்பார்கள். இவர்களுக்கு அந்த நாலு பேர் இல்லை.

அத்தியூர் வழக்கில்தான் அந்த நாலு பேர் வந்தார்கள். முன்னால் நின்றவர் திண்டிவனத்துப் பேராசிரியர் கல்யாணி. பின்னாளில் பிரபா கல்விமணி என்று பெயர் மாற்றிக்கொண்டவர்.

இதுபோன்ற வழக்கில் ‘துணை நிற்பது’ என்றால் என்ன? ஆறுதல் சொல்வது அதில் சின்னப் பங்குதான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூடப் போகணும். பஸ் காசு வேணும். அன்றைக்குக் கூலி போய்விடும், அதற்கு ஒரு வழி வேணும். சமாதானம் பேச ஆள் வரும்போது வீட்டில் யாராவது இருக்கணும். சாட்சிகள் மனசு தளராமல் பார்த்துக்கணும். இதை ஒரு வாரம் செய்ய நிறைய பேர் உண்டு. இந்த வழக்கில் செஷன்ஸ் தீர்ப்பு வரவே 13 ஆண்டுகள் ஆயின. 2006 ஆகஸ்டில் விழுப்புரம் நீதிமன்றம் ஆறு காவலர்களுக்குத் தலா 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. புகார் கொடுத்தபோது 17 வயதாக இருந்தவருக்குத் தீர்ப்பு நாளில் 30. செஷன்ஸ் தீர்ப்போடு இப்படிப்பட்ட வழக்குகள் முடிவதுமில்லை, அதற்குப் பிறகு மேல்முறையீடு இருக்கிறது.

அந்தப் ‘பத்து ஆண்டு’ என்ற கணக்குக்குப் பின்னாலும் ஒரு பழங்குடிப் பெண் இருக்கிறார். 1972-ல் மகாராஷ்டிரத்தில், காவல் நிலையத்துக்குள் நடந்த மதுரா வழக்கு அது. உடம்பில் காயம் இல்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. 1979-ல் உபேந்திர பக்ஷி, லத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டு, காவலர்கள் அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்யும் வன்புணர்ச்சிக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு என்றானது. மதுராவுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது.

அத்தியூரிலும் அதே மாதிரிதான் நடந்தது. ஒரு பெண்ணுக்காகக் கூடியவர்கள், அந்த ஒரு வழக்கோடு கலைந்துபோக முடியவில்லை. சாதிச் சான்றிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட வேண்டுமானால் பாதிக்கப்பட்டவர் பழங்குடி என்று காட்ட வேண்டும். 1989 முதல் பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். மில்லுக்கும் சூளைக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பம் எந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டும்? தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசே பட்டியலிட்ட ஆறில் இருளர் ஒன்று. இருந்தும் நான் இருளன் என்று நிரூபிக்கவே மாதக்கணக்கில் அலைய வேண்டும். சான்றிதழ், பட்டா, ரேஷன் கார்டு, கொத்தடிமை மீட்பு, பொய் வழக்கு எனச் சங்கத்தின் வேலை விரிந்தது இப்படித்தான். ‘ஜெய் பீம்’ வந்த 2021-ல் பலர் இந்தச் சங்கத்தின் பெயரை முதல்முறையாகக் கேட்டார்கள். அப்போது அதற்கு வயது 25.

அதனால் போலீஸ் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. 2011 நவம்பரில் இதே மாவட்டத்தில், திருக்கோவிலூர்ப் பக்கம், நான்கு இருளர் பெண்கள் காவலர்கள் மீது அதே மாதிரியான புகாரைச் சொன்னார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. இந்தத் தடவை புகாரை எங்கே கொண்டுபோவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, கூட வர ஒரு சங்கமும் இருந்தது.

வாச்சாத்தியைப் பார்த்தாலும் இதேதான். சம்பவம் 1992 ஜூன். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார்கள். மீதி 215 பேருக்கும் 2011-ல் தண்டனை. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மொத்தம் 31 ஆண்டுகள். அங்கே மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

இந்த வழக்குகளைப் பற்றி எழுதும்போது நாம் தீர்ப்புத் தேதியைத்தான் குறித்து வைக்கிறோம். இடையில் கிடந்த அந்த 13 வருஷத்தையும் 31 வருஷத்தையும் யார் தாங்கினார்கள் என்பதற்குக் கோர்ட் ஆவணத்தில் இடமில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூடப் போனவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்கள் சொல்வதை யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்க வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இருக்கும் கல்லூரி மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆய்வுக்குத் தலைப்பு தேடி வெளியூர் போக வேண்டாம்.